பிச்சாவரத்தில் காலை, தரங்கம்பாடியில் மாலை: குடும்பத்தோடு ஒரு நாள் கடற்கரைப் பயணம்

சிதம்பரத்துக்கும் காரைக்காலுக்கும் இடைப்பட்ட கடற்கரையை ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பும் குடும்பங்கள், பெரும்பாலும் ஐந்தாறு ஊர்களை எழுதி வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறுகின்றன. தில்லை நடராசர் கோயில், பிச்சாவரம், பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, பொழுது மிச்சமிருந்தால் வேளாங்கண்ணி. வரைபடத்தில் இவையெல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் அந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள தாயாரையும் பசி வந்தால் பொறுக்காத பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்பவர், இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுவதே நல்லது. காலையில் பிச்சாவரம், மாலையில் தரங்கம்பாடி என்று இரண்டே இடங்களை வைத்துக்கொண்டால் நாள் நிறைவாக அமையும். மூன்றாவது ஒன்றைச் சேர்த்தால் மூன்றுமே அரைகுறையாகப் போகும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. காரணம் வெயில். அலையாத்திக் காடான பிச்சாவரத்தின் வாய்க்கால்களில் காலை வேளையில் வெயில் சாய்வாக இலைகளின் ஊடே விழும். பத்தரை மணிக்கு மேல் அகலமான நீர்ப்பரப்பைக் கடக்கும்போது மேலிருந்து விழும் வெப்பமும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெப்பமும் சேர்ந்து, பெரியவர்களையே சோர்வடையச் செய்துவிடும். தரங்கம்பாடியோ கிழக்கு நோக்கிய திறந்த கரை. நண்பகலில் அங்கே மணலில் கால் வைக்க முடியாது. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அங்குள்ள டேனிஷ் கோட்டையின் நிழல் கடற்கரைப் பக்கம் நீளத் தொடங்கிவிடுவதால், பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் பெரியவர்கள் நிம்மதியாக உட்காரலாம். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். இந்தக் கரை முழுவதிலும் சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும்.

சிதம்பரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பது குடும்பங்களுக்கு எளிது. பிச்சாவரத்துக்குச் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ஆனால் அதன் நேரத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பதால் காலைப் பொழுது கைநழுவக் கூடும். காலைச் சிற்றுண்டியைச் சிதம்பரத்திலேயே முடித்துக்கொள்வது அறிவுடைமை. இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு ஊற்றிச் சாப்பிடும் வாய்ப்பு, அந்த ஊருக்கு வந்துவிட்டுத் தவறவிடக் கூடாத ஒன்று. சாம்பாரைப் போல நீர்க்க இல்லாமல், புளியும் வறுத்து அரைத்த மசாலாவும் சுட்ட அல்லது வதக்கிய கத்திரிக்காயும் ஒன்றாகக் குழைந்த பதத்தில் அது வரும். சிதம்பரம் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட்டுப் போகலாமே என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அந்தக் கோயில் அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கக் கூடியது அன்று. அதற்கு வேறொரு நாளை ஒதுக்குவதே மரியாதை.

பிச்சாவரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. இங்கே எடுக்க வேண்டிய முக்கியமான முடிவு ஒன்றுதான்: துடுப்புப் படகா, மோட்டார் படகா? பிள்ளைகள் மோட்டார் படகைத்தான் கேட்பார்கள். வேகம் இருக்கிறது, காற்று அடிக்கிறது, நேரமும் மிச்சமாகிறது. ஆனால் மோட்டார் படகு அகலமான கால்வாய்களில்தான் ஓட முடியும். மரங்கள் இரு கரைகளிலும் தொலைவில் ஒரு பச்சை வரிசையாகத் தெரிந்து மறையும், அவ்வளவுதான். இயந்திரத்தின் இரைச்சலில் ஒரு பறவையும் பக்கத்தில் இருக்காது. இந்தக் காட்டுக்கு வந்து மோட்டார் படகில் ஏறித் திரும்புவது, வாசலோடு பேசிவிட்டு வீட்டுக்குள் நுழையாமலே திரும்புவதற்குச் சமம். துடுப்புப் படகு மெதுவாகப் போகும் என்பதும், குறுகிய வாய்க்கால்களுக்குள் அது மட்டுமே நுழைய முடியும் என்பதும்தான் அதன் சிறப்பு. பயண நேரத்துக்குத் தக்கவாறு கட்டணம் கூடும். குடும்பத்தோடு செல்பவர்கள் மிகக் குறுகிய சுற்றை எடுத்து ஏமாற வேண்டாம், மிக நீண்டதை எடுத்துப் பிள்ளைகளைச் சலிப்படையச் செய்யவும் வேண்டாம். வாய்க்கால்களுக்குள் போய்வரும் நடுத்தரச் சுற்று எது என்று கேட்டுச் சீட்டு வாங்கினால் சரியாக இருக்கும்.

படகில் ஏறுவதுதான் முதியவர்களுக்குச் சற்றுச் சிரமமான கட்டம். படகு ஆடும், துறையின் விளிம்புக்கும் படகுக்கும் இடையே இருக்கும் உயர வேறுபாடு நீர்மட்டத்துக்கு ஏற்ப மாறும். என் தாயார் தயங்கி நின்றபோது படகோட்டி அவசரப்படுத்தவில்லை. "பாட்டிம்மா, கையைக் குடுங்க, காலை நடுப் பலகையில வைங்க, ஓரத்துல வைக்காதீங்க" என்று சொல்லி ஏற்றிய பிறகே மற்றவர்களை அழைத்தார். மிதவைச் சட்டையை எல்லோரும் அணிய வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அதன் வார்களை நாமே இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பது நல்லது. பெரும்பாலான வாய்க்கால்களில் ஆழம் அதிகமில்லை, ஆனால் அடியில் சேறு என்பதால் ஆழம் குறைவு என்ற தைரியம் அங்கே உதவாது.

வெட்டவெளி நீர்ப்பரப்பைக் கடந்து, படகு முதல் குறுகிய வாய்க்காலுக்குள் திரும்பியதும் வெளிச்சமே மாறிவிடுகிறது. இரு பக்கத்து மரங்களும் மேலே கிளை கோத்துக்கொள்ள, துடுப்பு நீரில் படும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. சில இடங்களில் துடுப்புப் போட இடமில்லாமல் படகோட்டி வேர்களைக் கையால் பற்றித் தள்ளியே படகை நகர்த்துவார்; நாம் குனிந்துகொள்ள வேண்டும். அந்த வேர்கள் சுரபுன்னையுடையவை. தண்டிலிருந்து வளைந்து இறங்கி நீருக்குள் ஊன்றி நிற்கும் அவற்றின் மேல், நீர்மட்டம் எதுவரை ஏறி இறங்குகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே சிப்பிகள் ஒட்டியிருக்கும், மேலே சிறு நண்டுகள் ஓடும். பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டைக் காட்டினால், கடல் இங்கே நாள்தோறும் வந்து போகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சுரபுன்னை தன் விதையை மண்ணில் விழவிட்டு முளைக்க வைப்பதில்லை. கிளையில் இருக்கும்போதே விதை முளைவிட்டு, பச்சை நிறத்தில் கீழ்நோக்கி நீண்டு தொங்குகிறது; முற்றியபின் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், அல்லது நீரில் மிதந்து சென்று வேறொரு திட்டில் வேர் பிடிக்கும். வெண்கண்டல் மரத்துக்கு வேறு உத்தி. காற்றில்லாத சேற்றிலிருந்து விரல் கனத்தில் வேர்களை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. உப்பு நீரைக் குடித்து வாழும் அந்த மரம் மிகுதி உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடுவதால், தாழ்ந்து நிற்கும் ஓர் இலையை ஒடிக்காமல் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். என் மகள் நம்பாமல் மூன்று இலைகளில் சோதித்துப் பார்த்தாள். நான்காவதாக அவள் கை நீட்டிய மரத்தைப் பார்த்ததும் படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு, "அதைத் தொடாத பாப்பா, அது தில்லை, பால் கண்ணுல பட்டா பெரிய வம்பு" என்று தடுத்தார். சிதம்பரம் கோயிலின் தலமரம் அதுவேதான். ஊருக்குள் பெயராக நிலைத்துவிட்ட அந்த மரத்தைக் காடாகப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். மரங்களைப் பிரித்தறிய முடியாத நிலையில் எதையும் தொடாமல், முதலில் படகோட்டியிடம் கேட்பது நல்லது. கேட்டால் நிறையவே சொல்கிறார்கள். கேட்காத குடும்பங்கள் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன.

வாய்க்காலின் ஓரத்தில் கழுத்தளவு நீரில் சிலர் அமர்ந்த நிலையிலேயே நகர்ந்து செல்வதைக் காண நேரலாம். அவர்கள் இருளர் மக்கள். வலையோ தூண்டிலோ இல்லாமல், சேற்றுக்குள் கைகளால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் தொழில் அவர்களுடையது. பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பற்களால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கைகளும் நீருக்கடியில் வேண்டும் என்பதால். உழைப்பில் இருப்பவர்களை நோக்கிச் செல்பேசியை நீட்டும் வழக்கத்தைச் சுற்றுலா வருவோர் விட்டுவிடலாம். அந்த நேரத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் இடையில் அமைந்த இந்தக் காடு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பார்க்கும்போது தொன்றுதொட்டு இப்படியே இருந்ததைப் போலத் தோன்றினாலும், இதன் ஒரு பகுதி மனிதர் கெடுத்து மனிதரே மீட்டது. ஆங்கிலேயர் காலம் தொட்டுக் கூறு கூறாக மரங்களை மொத்தமாக வெட்டியதால் வெயில் பட்ட நிலம் நடுவில் அமிழ்ந்தது. அங்கே தேங்கிய கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாகி, எந்த விதையும் தாங்காத அளவுக்கு உப்பு ஏறியது. மீன் முள்ளின் அமைப்பில் ஒரு பெரிய கால்வாயும் அதிலிருந்து இருபுறமும் பிரியும் சிறு கால்வாய்களும் வெட்டி, ஓதநீர், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், நாள்தோறும் வந்து போகச் செய்ததும் மண் மீண்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த பணி அது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்குப் பின்புறம் அமைந்த ஊர்கள் கடலை ஒட்டிய ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இவற்றை அறிந்துகொண்டு போனால் அதே வாய்க்கால் வேறு விதமாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. படகில் மேற்கூரை இல்லை. தொப்பி, துண்டு, தண்ணீர் ஆகியவற்றை நாமே கொண்டுபோக வேண்டும். படகுக்குள் ஏறிவிட்டால் இறங்கும் வரை கழிப்பறைக்கு வழியில்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, கரையிலேயே போய்வரச் செய்வது கட்டாயம். வடகிழக்குப் பருவமழையின்போது, அதாவது அக்டோபர் பிற்பாதி முதல் டிசம்பர் வரை, மழையும் புயல் எச்சரிக்கையும் குறுக்கிடலாம். ஜனவரியும் பிப்ரவரியும் மிக நல்ல மாதங்கள். வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மே மாதத்தில் குழந்தைகளை இங்கே அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மதிய உணவு இந்த நாளின் பலவீனமான பகுதி. பிச்சாவரத்திலிருந்து சிதம்பரம் திரும்பி, கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அந்த வழியில்தான் சாப்பிட்டாக வேண்டும். நெடுஞ்சாலையோரம் வண்டிகள் நிறைய நின்றதை நம்பி ஒரு கடையில் மீன் சாப்பாடு கேட்டோம். குழம்பு நன்றாகவே இருந்தது, வறுவல் மட்டும் காலையில் வறுத்ததைச் சூடுபடுத்தியது என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. கடற்கரை மாவட்டம் என்பதாலேயே எல்லாக் கடையிலும் மீன் புதிதாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. அந்த அனுபவத்துக்குப் பிறகு சீர்காழியில் சைவச் சாப்பாடோடு நிறுத்திக்கொள்கிறோம். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டி எடுத்து வரும் குடும்பங்களைப் பார்த்து முன்பு சிரித்ததுண்டு. இப்போது அவர்கள் பக்கம்தான் என் வாக்கு.

சாலையில் வரும்போது பூம்புகாருக்குப் பிரியும் வழிகாட்டிப் பலகை கண்ணில் படும். வண்டியைத் திருப்பாதீர்கள். அங்குள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் எழுப்பப்பட்டது. காப்பியத்தைப் படித்த, அல்லது படிக்கத் தொடங்கிய பிள்ளைகளோடு சென்றால் அது அரை நாள் எடுத்துக்கொள்ளும் இடம். மதிய வெயிலில் அரை மணி நேரம் இறங்கி ஏறினால், கட்டடத்தின் முன் நின்று எடுத்த படம் ஒன்றுதான் மிஞ்சும். திருக்கடையூரில் மணிவிழாவும் சதாபிஷேகமும் நடக்கும் முகூர்த்த நாள்களில் வண்டிகளின் நெரிசல் சாலை வரை வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடிக்குள் நுழைவதே இனிய அனுபவம். 1792 என்று ஆண்டு பொறித்த பழைய நகர வாயிலைக் கடந்ததும் நேராக நீளும் ராஜ வீதியில், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து செல்ல வேண்டும். தெருவின் நீளம் முதியவர்களாலும் நடக்கக் கூடியது. கடைத்தெருவின் சந்தடி இல்லாத அகலமான வீதி. புதுப்பிக்கப்பட்ட பழைய வீடுகள். 1701இல் அமைந்த சீயோன் ஆலயம். 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம். இரண்டாவது ஆலயத்தைக் கட்டிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் இங்கே வந்திறங்கியவர். அடுத்த ஆண்டுகளில் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் கல்லறையும் அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அச்சுக்குத் தாள் போதாமல் இங்கேயே தாள் செய்ய முயன்ற இடம் பக்கத்துப் பொறையாற்றில் கடுதாசிப்பட்டறை என்ற பெயரோடு இன்னும் இருக்கிறது. சீகன்பால்கு வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகம். அச்சு எழுத்தைக் கோத்துப் புத்தகம் செய்த காலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் கோட்டைக்கு முன் அங்கே செல்லலாம்.

வீதியின் முடிவில் டேனிஷ் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்த ஒப்பந்தத்தின் பேரில் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இது. 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். செஞ்சியைப் போலவோ வேலூரைப் போலவோ எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். இது ஒரு வணிகக் கம்பெனியின் பண்டகசாலையும் அலுவலகமும் பாதுகாப்பு அரணும் ஒன்றாகச் சேர்ந்த கட்டடம், அதற்குரிய அளவில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சிறையும் சேமிப்பு அறைகளும், மேல்தளத்தில் ஆளுநரின் இருப்பிடமும் இருந்தன. மேலே உள்ள அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையுடையது. பீங்கான் பாத்திரங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், டேனிஷ் ஆவணங்கள், வாள்கள் எல்லாம் இருந்தாலும், பிள்ளைகள் நிற்கும் இடங்கள் இரண்டே: திமிங்கலத்தின் எலும்பும், வேளா மீனின் பற்கள் கொண்ட நீண்ட மூக்கும். பொருள்களின் அருகே உள்ள குறிப்புகள் போதுமானவை அல்ல என்பது என் எண்ணம். ஒரு சீனச் சாடி இந்த மீனவ ஊருக்கு எதற்காக வந்தது என்று பிள்ளை கேட்டால், தேயிலை வணிகத்தைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாள்களில் ஐந்து மணிக்குள் உள்ளே போய்விடுவது பாதுகாப்பு. மாடிப்படிகள் உயரமானவை என்பதால் என் தாயார் கீழே முற்றத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கடற்காற்று அங்கேயே தாராளமாக வருவதால் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

கோட்டைக்கு வடக்கே, கடலின் விளிம்பிலேயே, மாசிலாமணி நாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது; மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். இந்த ஊர் 2004 ஆழிப்பேரலையில் பெரிதாக அடிபட்டது. காலையில் பார்த்த காட்டுக்கும் மாலையில் பார்க்கும் இந்தக் கரைக்கும் உள்ள வேறுபாட்டை என் மகன் தானாகவே கேட்டான்: "இங்க ஏம்ப்பா மரம் வைக்கல?" அலை நேராக மோதும் திறந்த மணற்கரையில் சுரபுன்னை நிற்காது, அதற்குக் கழிமுகத்துச் சேறும் அமைதியான நீரும் வேண்டும் என்று விளக்கினேன். இரண்டு இடங்களை ஒரே நாளில் இணைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

தரங்கம்பாடிக் கடற்காற்றில் ஓசோன் மிகுதி, அதனால் உடலுக்கு நல்லது என்ற பேச்சு இங்கே வரும் எல்லோர் காதிலும் விழும். கடற்கரையில் வீசும் அந்தத் தனி மணம் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களும் பாசிகளும் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்களால் வருவது. ஓசோனோ, மூச்சில் மிகுதியாகச் சேர்ந்தால் நுரையீரலுக்குக் கெடுதல் செய்வது. காற்று நன்றாக இருக்கிறது, அதை அனுபவிக்க இந்தக் கதை தேவையில்லை.

கடலில் இறங்குவதைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். கொட்டிய பாறைகளுக்கு அருகே நீரோட்டம் எதிர்பாராத வகையில் இழுக்கும், பாறைகளில் பாசியும் வழுக்கும். கோட்டைக்கு முன்னுள்ள மணலில் கணுக்கால் நனைய நிற்பதோடு பிள்ளைகளை நிறுத்திவிட வேண்டும். பெரியவர்கள் முன்மாதிரியாக நடந்துகொண்டால் பிள்ளைகளும் கேட்பார்கள். கடலில் நெடுநேரம் குளிப்பதுதான் சுற்றுலா என்று எண்ணும் குடும்பத்துக்கு இந்த ஊர் பொருந்தாது. அதேபோல், படகில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு போக விரும்பும் பெரிய கூட்டத்துக்குத் துடுப்புப் படகு சலிப்பூட்டும். அவர்கள் மோட்டார் படகோடு திருப்தி அடைவார்கள்.

இருட்டத் தொடங்கியதும் கோட்டைப் பக்கத்துச் சுண்டல், ஐஸ்கிரீம் வண்டிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். ஊர் சீக்கிரம் அடங்குவது. ரயிலில் திரும்புபவர்கள் மயிலாடுதுறை சென்று ஏறுவது சுலபம், பொறையாற்றிலிருந்து அங்கே பேருந்துகள் உண்டு. காரில் வந்தவர்கள் மீண்டும் சிதம்பரம் வரை போகாமல் ஓட்டுநரிடம் பேசி மயிலாடுதுறையிலேயே இறங்கிக்கொள்வது நல்லது. காலையில் வாடகை பேசும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் இரவில் பேச்சு வளராது.